எடை கூடிக்கொண்டிருந்த பிள்ளை: பந்தலூர் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஊட்டச்சத்துக் குறைபாடு என்றதும் எலும்பும் தோலுமான ஒரு பிள்ளைதான் நம் மனதில் வரும். இந்த ஆய்வில் வரும் பையனுக்குக் கன்னம் உப்பியிருந்தது. அங்கன்வாடிப் பதிவேட்டில் அவன் எடை இரண்டு மாதமாக ஏறிக்கொண்டிருந்தது. சத்துக் குறைவைக் கண்டறியக் கையில் சுற்றிய மூவண்ண நாடா மஞ்சளில் நின்றது, சிவப்புக்குப் போகவில்லை. ஆனாலும் அன்று நாங்கள் பார்த்த பிள்ளைகளில் உயிருக்கு மிக அதிக ஆபத்து இருந்தது அவனுக்குத்தான். பாதத்தின் மேல் மூன்று வினாடி கட்டைவிரலால் அழுத்தியபோது அது தெரியவந்தது. குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டோம், சிலவற்றை மாற்றியிருக்கிறோம்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயில் பாதி இடத்தில்தான் இருக்கிறது. பந்தலூரும் கூடலூரும் நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரம், வயநாட்டை ஒட்டிய சரிவு. ஜூனில் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை லேசில் விடாது. தேவாலாப் பக்கம் மழைக்காலத்தில் ஒரு வாரம் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் பலர் இந்தத் தேயிலைத் தோட்டங்களை நம்பிக் குடியேறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது லைன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வளர்கிறார்கள். அடுத்த சரிவிலேயே பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் பழங்குடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. அண்மைக்காலமாக ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களும் உண்டு. லைனிலிருந்து அங்கன்வாடிக்குப் போகும் பாதையில் யானை நடமாட்டம் இருந்தால் அன்று பிள்ளைகள் வரமாட்டார்கள். எடை போடும் நாளும் தள்ளிப்போகும்.

பையனுக்கு அப்போது 20 மாதம். பிறந்தபோது 2.4 கிலோ. பதினான்கு மாதம் வரை தாய்ப்பால் குடித்தான். அம்மா மறுபடியும் கருவுற்றது தெரிந்ததும், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பால் கொடுத்தால் பெரியவனுக்கு ஆகாது என்று வீட்டில் பெரியவர்கள் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கர்ப்பகாலத்தில் பால் கொடுப்பதால் சாதாரணமாக எந்தக் கெடுதலும் இல்லை என்பதை யாரும் அந்த நேரத்தில் அவர்களிடம் சொல்லவில்லை. அம்மா காலையில் கொழுந்து பறிக்கப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். பிள்ளை பாட்டியிடம்.

அவன் என்ன சாப்பிட்டான் என்று பாட்டியிடம் பொறுமையாகக் கேட்டோம். காலையில் கட்டஞ்சாயாவில் (பால் கலக்காத தேநீர்) நனைத்த வர்க்கி. மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறு, மேலே ரசம். சாயங்காலம் பிஸ்கட், மறுபடி சாயா. ராத்திரி அம்மா சமைத்தால் உண்டு. மழையில் விறகு நனைந்துபோனால் மத்தியானச் சோறேதான். அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவு வீட்டுக்கு வந்தது உண்மை, ஆனால் கஞ்சியாகக் காய்ச்சினால் வீட்டில் இருக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் ஊற்றித்தானே ஆக வேண்டும்? இதில் பாட்டியைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஒரு பிள்ளைக்கென்று கொடுத்ததை மற்ற மூன்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க ஒருவனுக்கு மட்டும் ஊட்டுவது எந்த வீட்டிலும் நடக்காது. இதற்கிடையில் ஜூனிலும் ஜூலையிலும் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது.

பதிவேட்டில் இருந்த எடைகள் இவை: 16-ஆம் மாதம் 8.0 கிலோ, 18-ஆம் மாதம் 7.9, 19-ஆம் மாதம் 8.2, 20-ஆம் மாதம் 8.6. உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வளர்ச்சி வரைபடத்தில் இதை வைத்தால், 18-ஆம் மாதம் கடுமையான எடைக் குறைவின் கோட்டுக்கு மயிரிழை மேலே நின்றவன், பிறகு மேலேறத் தொடங்கியிருக்கிறான். வரைபடத்தைப் பார்க்கிற யாருக்கும் நிம்மதிதான் வரும். அங்கன்வாடி டீச்சருக்கும் வந்தது, பாட்டிக்கும் வந்தது. "இப்பதான் கொஞ்சம் தேறி வர்றான் டாக்டரம்மா, மொகத்தப் பாருங்க, எப்படிப் பூரிச்சிருக்குன்னு" என்றார் பாட்டி.

ஆகஸ்ட் மாத நடுவில் அங்கன்வாடியிலேயே பரிசோதனை வைத்தோம். மழை, குளிர். வந்த பிள்ளைகள் எல்லோரும் ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ். மலையில் பரிசோதனை செய்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: குளிரில் யாரும் பிள்ளையின் உடுப்பைக் கழற்றமாட்டார்கள், நாம் கேட்டாலும் அம்மாக்கள் தயங்குவார்கள், அது நியாயமும்கூட. ஆனால் ஸ்வெட்டர் கையை மறைக்கிறது, சாக்ஸ் காலை மறைக்கிறது. ஈரமான கம்பளி உடுப்போடு தராசில் ஏற்றினால் எடை பொய் சொல்லும். அதனால் எடை போடும் இடத்தைச் சமையலறைக்கு, அடுப்புக்குப் பக்கத்தில் மாற்றச் சொன்னோம். சூடு இருந்தால் உடுப்பு தானாகக் கழன்றுவிடும்.

முதலில் நாடா. மூவாக் டேப் என்று எல்லோரும் சொல்லும் மூவண்ண நாடாதான். இடது கை. முழங்கையை மடக்கி, தோள்பட்டை எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே பேனாவால் புள்ளி வைத்து, பிறகு கையைத் தொங்கவிட்டு, இறுக்காமலும் தொளதொளவென்று விடாமலும் சுற்ற வேண்டும். 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள பிள்ளைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, கடுமையான குறைபாடு. 11.5-லிருந்து 12.5-க்குள் மஞ்சள், மிதமானது. வயது ஐந்துக்குள் எதுவாயினும் ஒரே அளவுகோல் என்பதால் பிறந்த தேதி சரியாகத் தெரியாத பிள்ளைக்கும் இது உதவும். உயரப் பலகை வேண்டாம், தராசு வேண்டாம், கணக்கு வேண்டாம். படிக்காத அம்மாவும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எனக்கு இந்த நாடாவின் மேல் பெரிய மரியாதை உண்டு.

பையனுக்கு 11.9. மஞ்சள். படுக்கவைத்து அளந்த நீளம் 76.5 சென்டிமீட்டர், வயதுக்கு மிதமான குட்டை. 8.6 கிலோவை அந்த நீளத்தோடு பொருத்தினால் சரியான வரம்புக்குள்ளேயே வந்தது. அதாவது மூன்று அளவுகளில் ஒன்றுகூட அவனை அவசரம் என்று சொல்லவில்லை.

சாக்ஸைக் கழற்றியதும் அதன் எலாஸ்டிக் பதிந்த வளையம் கணுக்காலுக்கு மேலே ஆழமாக இருந்தது. இரண்டு கால்களிலும். பாதத்தின் மேல்புறத்தில் கட்டைவிரலை வைத்து, நூற்றியொன்று, நூற்றியிரண்டு, நூற்றிமூன்று என்று எண்ணிவிட்டு எடுத்தோம். குழி விழுந்தது, நிறைந்து மேலே வரவில்லை. முழங்காலுக்குக் கீழேயும் அப்படியே, புறங்கையிலும் லேசாக. பாதத்தோடு நிற்காமல் காலுக்கும் கைக்கும் பரவிய இதை மருத்துவக் குறிப்பில் இரண்டு கூட்டல் குறி (++) வீக்கம் என்று எழுதுவோம். அதன் பிறகு பார்த்தால் எல்லாம் கண்ணில் பட்டது: குல்லாவுக்குள் செம்பட்டை ஏறி மெலிந்த முடி, இழுத்தால் வலியில்லாமல் கையோடு வந்தது, தொடையில் கறுத்து உரிந்த தோல், பிஸ்கட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சோர்வு. குவாஷியோர்க்கர், அதாவது சத்துக் குறைவால் உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய். பாட்டி பூரிப்பு என்று நினைத்தது நீர்.

இரு காலிலும் குழிவிழும் சத்துக்குறை வீக்கம் இருந்தால் நாடா என்ன சொன்னாலும், எடை என்ன சொன்னாலும், அந்தப் பிள்ளை கடுமையான குறைபாட்டில் இருக்கிறது. விதி அவ்வளவுதான். உடம்பில் சேர்ந்த நீர் தராசில் ஏறுகிறது. தசை கரைய நீர் ஏற, இரண்டும் ஈடுசெய்துகொண்டு எடை கூடுவதுபோலக்கூடக் காட்டும். இந்தப் பையனிடம் நடந்தது அதுதான். மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1930-களில் அன்றைய கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், இந்த நோயை விவரித்தபோதே அம்மாவுக்கு அடுத்த பிள்ளை வந்ததும் பாலிலிருந்து தள்ளப்பட்ட பிள்ளைகளையே பார்த்தார். புரதக் குறைவு ஒன்றே காரணம் என்ற பழைய விளக்கம் இப்போது போதவில்லை. குடல் கிருமிகள், தொற்று, உடம்பின் பாதுகாப்புச் சத்துகள் தீர்ந்துபோவது எல்லாம் சேர்ந்த சிக்கலாகவே ஆராய்ச்சியாளர்கள் இதைப் பார்க்கிறார்கள். ஆனால் அம்மாவின் வயிற்றில் அடுத்த பிள்ளை, பால் நின்றது, மாவுச்சத்தும் சாயாவும் மட்டும், மேலே ஒரு வயிற்றுப்போக்கு என்ற அந்த வரிசை மாறவேயில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சியே நீலகிரியில்தான் பிறந்தது. 1918-இல் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரு சின்ன அறையில், வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையாகத் தொடங்கியதே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன் குவாஷியோர்க்கர் பற்றி ஆராய்ந்ததும் குன்னூர் காலத்தில்தான். அந்த ஆராய்ச்சி நடந்த அதே மலையில் இன்றும் ஒரு பிள்ளை அந்த நோயோடு வருகிறது என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

அதே நாள், அதே அறையில் இன்னொரு வீங்கிய கால். பணியர் குடியிருப்பிலிருந்து வந்த ஒன்றரை வயதுப் பெண் பிள்ளை. இரண்டு பாதமும் இரண்டு புறங்கையும் வீங்கியிருந்தன. பார்த்த மாத்திரத்தில் இதுவும் அதுவே என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் விரலை வைத்ததும் பிள்ளை அலறியது. தொட்டால் சூடு, அழுத்தினால் வலி, குழி விழவில்லை. கண் வெள்ளையில் மஞ்சள். நாடா 12.9, பச்சை. இதற்கு முன்னும் ஒருமுறை இப்படி வீங்கி வற்றியது என்றார் அம்மா.

நீலகிரியில் வேலை செய்பவர்களுக்கு இந்த இடத்தில் அரிவாள் அணுச் சோகை, அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரை நோய், நினைவுக்கு வர வேண்டும். இந்தியாவில் அரிவாள் அணு இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் முதலில் கண்டறிந்ததே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். பணியர், இருளர், குறும்பர் போன்றோரிடையே இது அதிகம். ஆறு மாதத்துக்குப் பிறகு, பிறக்கும்போது இருந்த கருப்பருவ ஹீமோகுளோபின் குறையக் குறைய, முதல் அறிகுறியாகப் பலருக்கு வருவது கை கால் வீக்கம்: சிறிய எலும்புகளுக்கு ரத்தம் போகாமல் அடைபட்டு ஏற்படும் வலி. இந்தப் பெண் பிள்ளையின் ரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது. அவளுக்குத் தேவை வலி மருந்து, நிறைய நீர்ச்சத்து, ஃபோலிக் அமிலம், தொற்று வராமல் பென்சிலின், வாழ்நாள் முழுக்கத் தொடர்பு. எங்கள் பையனுக்குத் தேவை வேறு. இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் போட்டிருந்தால் இருவருக்கும் கெடுதல்.

பையனுக்கும் அரிவாள் அணுச் சோதனை செய்தோம், இல்லை என்று வந்தது. சிறுநீரில் புரதம் இல்லை, ஆகவே சிறுநீரகம் காரணமில்லை. ஹீமோகுளோபின் 7.4, குறைவு.

இந்திய நடைமுறையில் வீக்கம் உள்ள பிள்ளையை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அதைச் சொன்னதும் வீட்டில் அமைதி. அம்மாவுக்கு ஏழு மாதம். அப்பாவுக்குத் தினக்கூலி. மற்ற மூன்று பிள்ளைகளை யார் பார்ப்பது? கடைசியில் பாட்டியே கூட இருப்பது என்றும், பிள்ளைகளைப் பக்கத்து லைன் அத்தை பார்த்துக்கொள்வது என்றும் முடிவானது. அதற்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் பேச்சு வேண்டியிருந்தது. சிகிச்சைத் திட்டம் எழுதும்போது யாரும் எழுதாத பகுதி இது, ஆனால் இது இல்லாவிட்டால் மீதி எதுவும் நடக்காது.

மருத்துவமனையில் முதல் நாட்களில் கஞ்சியோ முட்டையோ கிடையாது. எஃப்-75 என்ற குறைந்த புரதப் பால் கலவை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் எழுப்பி. குறைபாட்டில் ஒடுங்கிப்போன உடம்புக்கு எடுத்த எடுப்பில் நிறையக் கொடுத்தால் இதயம் தாங்காது. ரத்தச் சர்க்கரையும் உடம்புச் சூடும் இறங்காமல் பார்க்க வேண்டும், மலைக்குளிரில் இரண்டாவது முக்கியம். பாட்டியின் மார்போடு சேர்த்துப் போர்த்தியே வைத்திருந்தோம். தொற்றின் அறிகுறி வெளியே தெரியாவிட்டாலும் ஆன்டிபயாட்டிக் உண்டு. ஹீமோகுளோபின் குறைவு என்று உடனே இரும்புச் சத்து கொடுக்கக் கூடாது, பிள்ளை எடை ஏறத் தொடங்கிய பிறகுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, வீக்கம் என்றதும் நீர் பிரிய மாத்திரை கொடுத்துவிடக் கூடாது. இது சத்துக் குறைவால் வந்த வீக்கம், சத்து ஏறினால் வற்றும். நீர் மாத்திரை பிள்ளையைக் கொன்றுவிடலாம்.

நான்காம் நாள் அடுத்த சிக்கல். எடை இறங்கியது. "வரும்போது நல்லா இருந்தான், ஆஸ்பத்திரிக்கு வந்து இளைச்சுட்டான், வீட்டுக்குப் போறோம்" என்று அப்பா வந்து நின்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் கண்ணால் பார்த்தது அதைத்தானே? வார்டு நர்ஸ் வரைபடத்தை விரிக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துப் பையனின் பாதத்தில் வைத்து அழுத்தச் சொன்னார். "முதல் நாள் விழுந்த குழி இப்ப எவ்வளவு விழுதுன்னு நீங்களே பாருங்கண்ணே. போறது தண்ணிதான், சதை இல்ல." மறுநாளும் அவர் வந்து அழுத்திப் பார்த்தார். ஏழாம் நாள் குழி விழவில்லை, எடை 7.7 கிலோ. 8.6 என்று பதிவேடு சொன்ன பிள்ளையின் உண்மையான எடை அது. உயரத்துக்கேற்ற எடையில் கடுமையான குறைவின் கோட்டருகே.

பிறகு பசி வந்தது. பசி வந்ததும் எஃப்-100 என்ற சத்து கூடிய பால் கலவை, பிறகு வீட்டுச் சாப்பாடும் சேர்த்து. வீட்டுக்கு அனுப்பும்போது 8.3 கிலோ, நாடா 12.0. நாடா 12.5 ஆகி, வீக்கம் இல்லாமல் குறைந்தது இரண்டு வாரம் தாண்டும் வரை தொடர்பை விடக் கூடாது என்பது விதி. எட்டாவது வாரம் 12.6 வந்தது. எடை 9.2, வயதுக்கு இன்னும் குறைவுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் பாட்டியோடு சேர்ந்து யோசித்தோம். சத்துமாவைக் கஞ்சியாகக் காய்ச்சாமல், கொஞ்சம் எண்ணெயும் வெல்லமும் போட்டு உருண்டையாகப் பிடித்துப் பையனுக்குத் தனியே வைப்பது. ரசத்துக்குப் பதில் அடியில் தங்கும் பருப்பை மசித்துச் சோற்றில் பிசைவது. சாயாவைச் சாப்பாட்டு நேரத்திலிருந்து தள்ளுவது, ஏனென்றால் அது சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. பாட்டி முதல் இரண்டையும் உடனே ஏற்றுக்கொண்டார். சாயாவை நிறுத்த மனமில்லை. குளிரில் வேறு என்ன சூடாகக் கொடுப்பது என்றார். சரி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் கொஞ்சமாக, பால் கலந்து என்று உடன்பட்டோம்.

தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் 25 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லை, 14.6 சதவீதம் உயரத்துக்கேற்ற எடையில்லை. 2022 மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தைத் தொடங்கிவைத்ததும் இதே நீலகிரியில்தான். கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, மருத்துவப் பரிசோதனை செய்து, சிறப்பு உணவு கொடுப்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். அது பலிப்பது, அடுப்படியில் நின்று சாக்ஸைக் கழற்றும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது.

"எங்க ஜனம் எப்பவும் குட்டைதான்" என்று தோட்டத்தில் அடிக்கடி கேட்போம். 2006 வளர்ச்சி அளவுகோலுக்கு அடிப்படையான ஆய்வு பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. தாய்ப்பாலும் சுகாதாரமும் நல்ல உணவும் கிடைத்தால் ஐந்து வயது வரை எந்த நாட்டுப் பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரேமாதிரிதான் வளர்கிறது என்று அது காட்டியது. லைன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அளவுகோலைத் தாழ்த்த ஒரு காரணமும் இல்லை.

இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் பரிசோதனையின் வரிசை மாறியது. முதலில் கால், பிறகு நாடா, கடைசியில் எடையும் உயரமும். வீங்கிய கால் என்றால் மூன்று கேள்விகள்: குழி விழுகிறதா, வலிக்கிறதா, இரண்டு காலிலுமா. குழி விழுந்து வலியில்லை என்றால் அன்றே மருத்துவமனை. வலித்துச் சூடாக இருந்தால் அரிவாள் அணுப் பரிசோதனை, அதுவும் அன்றே. முந்தைய மாதத்தைவிட எடை சட்டென்று ஏறிய, ஆனால் சோர்ந்திருக்கிற பிள்ளையை டீச்சர் சிவப்புப் பேனாவால் வட்டமிடுகிறார். ஏற்றத்தையும் சந்தேகிக்கச் சொல்லியிருக்கிறோம். லைனில் உள்ள அம்மாக்களுக்கு நாடா கொடுத்தாயிற்று. ஜார்க்கண்ட் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கன்வாடிப் பெயர்ப்பட்டியலில் இன்னும் முழுதாக ஏறவில்லை. அவர்களுடைய லைனுக்கு ஞாயிற்றுக்கிழமை, அம்மாக்கள் வீட்டில் இருக்கும் நாளில், போய்ப் பார்க்கிறோம்.

பையனின் அம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, 2.6 கிலோ. அண்ணனுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு, இவளுக்குப் பாதியில் பாலை நிறுத்தவிடமாட்டேன் என்று பாட்டியே பொறுப்பெடுத்திருக்கிறார். அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விடுவது பற்றிக் கிராம சுகாதார செவிலியர் அம்மாவிடமும் அப்பாவிடமும் சேர்த்துப் பேசியாயிற்று. அரிவாள் அணு உறுதியான பெண் பிள்ளையின் அண்ணனுக்கும் அக்காவுக்கும் ரத்தம் எடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது. மழை விட்டதும் அந்தக் குடியிருப்புக்கே போய் எடுக்க ஏற்பாடு.